உறைமழையும் பதறிய கைகளும்

2013 டிசம்பர் 21ஆம் நாள் இரவு ரொறொன்ரோவில் விழித்திருந்தவர்கள் அந்த ஓசையை மறந்திருக்க மாட்டார்கள். முதலில் மெல்லிய நெரிபாடு. பிறகு வெடி வெடித்தாற்போல் ஒரு முறிவு. அதைத் தொடர்ந்து, கண்ணாடிப் பாத்திரங்கள் நிறைந்த அலுமாரி ஒன்று சரிந்தாற்போல் நீண்ட சலசலப்பு. மின்சாரம் போய்விட்டிருந்தது. எந்த வீட்டு மரம், எந்தப் பக்கத்துக் கிளை என்று இருட்டில் தெரியவில்லை. ஒவ்வொரு முறிவுக்கும் திடுக்கிட்டு, விடியும்வரை எண்ணிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலையில் மாநகரில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் மின்னிணைப்புகள் துண்டிக்கப்பட்டிருந்தன. நத்தார் கழிந்த பின்னரும் சில தெருக்களுக்கு வெளிச்சம் வரவில்லை.

அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது இருளையும் குளிரையும், அயலவர் வீட்டில் சமைத்துண்ட கதைகளையுமே எல்லோரும் சொல்கிறோம். முற்றத்துக்கும் வளவுக்கும் என்ன நேர்ந்தது, அதில் எமது பங்கு எவ்வளவு என்பதை யாரும் பேசுவதில்லை. இத்தகைய புயல்கள் ஒருமுறை வந்துபோனவையும் அல்ல. 1998 ஜனவரியில் கிழக்கு ஒன்ராறியோவையும் தெற்குக் கியூபெக்கையும் அடித்து நொறுக்கிய புயலை மூத்தவர்கள் அறிவார்கள். 2023 ஏப்பிரல் 5ஆம் நாள் மொன்றியலில் பெய்த உறைமழை கியூபெக்கில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்னிணைப்புகளைத் துண்டித்தது. 2025 மார்ச் இறுதியில் ஒரில்லியா, பீற்றர்பரோ முதலான ஒன்ராறியோ ஊர்கள் அதே அனுபவத்தைப் பெற்றன. ஆகவே இதை இன்று பேசுவது பழங்கதை பேசுவதாகாது.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உறைமழைக் காலத்தில் வீட்டுத் தோட்டங்களுக்கு நேரும் கேட்டில் ஒரு பகுதியைப் பனிக்கட்டி செய்கிறது. மறு பகுதியை எமது கைகள் செய்கின்றன. முதலாவதைக் குறைக்கவேண்டுமானால் புயலுக்குப் பல மாதங்களுக்கு, ஏன் பல ஆண்டுகளுக்கு முன்பே உழைத்திருக்கவேண்டும். இரண்டாவதைத் தவிர்க்கவேண்டுமானால், புயல் அடிக்கும் நாளிலும் அதற்கடுத்த சில மாதங்களிலும் சும்மா இருக்கப் பழகவேண்டும். சும்மா இருத்தல் எத்தனை கடினம் என்பதைத் தமிழருக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

உறைமழை என்றால் என்ன என்பதில் எமக்குள்ளேயே குழப்பம் உண்டு. பனிப்பொழிவு வேறு, இது வேறு. உயரத்தில் வெப்பமான காற்று ஓர் அடுக்காகப் படர்ந்திருக்க, நிலத்தை ஒட்டிய மெல்லிய அடுக்கில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இருக்கும். மேலிருந்து வரும் பனித்திவலை வெப்ப அடுக்கில் உருகி மழைத்துளியாகிறது. குளிர்ந்த அடுக்கைக் கடக்கும்போது மீண்டும் உறைவதற்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே இருக்கும் அத்துளி, கிளையிலோ கம்பியிலோ புல்லிலோ பட்ட கணத்தில் கண்ணாடியாக உறைந்து ஒட்டிக்கொள்கிறது. உதிரிப் பனியைக் காற்று உதிர்த்துவிடும். இது உதிராது, துளிமேல் துளியாக ஏறிக்கொண்டே போகும்.

அதன் எடையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். அரைச் சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு சுள்ளியை எடுத்துக்கொள்வோம். ஒரு மீற்றர் நீளமான அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். அதைச் சுற்றி ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்குப் பனிக்கட்டி படிந்தால், அந்தப் பனிக்கட்டி மட்டும் 430 கிராம் வரும். தன் எடையைப்போல் இருபது மடங்குக்கு மேல் அந்தச் சுள்ளி சுமக்கிறது. ஒரு முதிர்ந்த மேப்பிளில் இத்தகைய சுள்ளிகள் எத்தனை ஆயிரம் இருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். 1998இல் மொன்றியல் பகுதியில் ஆறு நாட்களுக்குள் 100 மில்லிமீற்றர் அளவுக்கு உறைமழை பெய்தது. இரும்புக் கோபுரங்களே மடங்கி விழுந்த இடத்தில் மரங்கள் எம்மாத்திரம்.

எம்மில் பலருக்குப் புயல் என்றால் காற்றுத்தான். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய சூறாவளியைக் கண்டவர்கள் எமது வட்டத்திலும் இருக்கிறார்கள். சூறாவளி தள்ளி முறிக்கும், பிடுங்கி எறியும். வளைந்து கொடுக்கும் தென்னை சிலவேளை தப்பும். உறைமழையோ காற்றில்லாத அமைதியில் எடையைக் கூட்டிக்கூட்டி முறிக்கிறது. அங்கே கற்ற பாடம் இங்கே அப்படியே பொருந்தாது. சூறாவளி ஓய்ந்தவுடன் வெளியே ஓடிச் சென்று வளவைச் சீராக்குவது எமக்குப் பழக்கமாகிவிட்ட நற்குணம். உறைமழை ஓய்ந்தவுடன் அதே குணம் தீங்காக மாறிவிடுகிறது.

2013இல் நாங்கள் என்ன செய்தோம் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறோம். ஸ்காபரோவில் எம்மில் ஒருவருடைய வீட்டுக்கு முன்னே லைலாக் செடியொன்று நிலத்தில் முகம் புதைத்தாற்போல் வளைந்து கிடந்தது. அதைக் காப்பாற்றுவதாக எண்ணித் தும்புத்தடியால் தட்டினோம். பனிக்கட்டி உதிர்ந்தது, அதனுடன் கிளைகளும் ஒடிந்தன. உறைந்த கிளைக்கு வளையும் தன்மை மிகக் குறைவு என்பது எமக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்னொருவர் அடுப்பில் சுடவைத்த நீரைச் சீடர் வேலிமீது ஊற்றினார். ஊற்றிய நீர் சற்று நேரத்தில் வேரடியில் உறைந்து, செடிக்கு இன்னொரு விலங்கானது. தொடாமல் விட்ட செடிகளோ, வெயில் ஏறிக் கட்டி உருகிய பின்னர் சில நாட்களில் தாமாகவே நிமிரத் தொடங்கின. வசந்தத்தில் அவற்றுள் பல பூத்தன. நாங்கள் காப்பாற்றிய லைலாக் பூக்கவில்லை.

பனிக்கட்டியின் குளிர் செடியைக் கொன்றுவிடும் என்ற அச்சம்தான் இத்தனைக்கும் காரணம். இந்நாட்டுக் குளிருக்கு ஏற்ற செடி, இலையுதிர்காலத்திலேயே தன்னை உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்திவிடுகிறது. சுழியத்துக்குக் கீழே இருபது பாகை வரையும் தாங்கும் மொட்டுக்கு, சுழியத்தை ஒட்டி உறைந்த ஒரு பனிப்போர்வையின் குளிர் பெரிய தண்டனை அல்ல. அதைத் துன்புறுத்துவது எடை; அடுத்தது எமது தடி. ஈரமான உதிர்பனி செடிமேல் குவிந்திருந்தால், அடியிலிருந்து மெல்ல மேல்நோக்கி ஏந்தி உதிர்க்கலாம். கட்டியாக உறைந்துவிட்டால் கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வதே தோட்டக்கலை.

புல்தரையின் கதையும் இதுவே. கண்ணாடித் தட்டுப்போல் மூடிக் கிடக்கும் முற்றத்தைக் கண்டதும் சவளை எடுத்து இடித்து உடைக்கத் தோன்றும். கென்டக்கி நீலப்புல் போன்ற குளிர்நாட்டுப் புற்கள் பனிக்கட்டியின்கீழ் பல வாரங்கள் உறங்கியிருக்கவல்லவை. அவற்றின் உயிர் இருப்பது இலையில் அன்று. மண்மட்டத்தில் உள்ள குருத்தடியில். உறைந்த நிலத்தின்மீது நடப்பதும் இடிப்பதும் அந்தக் குருத்தடியையே நசுக்குகின்றன. வாயிலிலிருந்து தெருவரைக்கும் ஒரு பாதை போதும். குறுக்குவழியாகப் புல்மீது நடந்து செல்லும் வழித்தடத்தை மே மாதத்தில் பழுப்புக் கோடாகக் காணலாம்.

அடுத்தது உப்பு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். மண்ணும் உப்பிட்டவரை நினைத்தே வைத்திருக்கிறது, பழிவாங்குவதுபோல. வழுக்காமல் இருக்க நாம் கொட்டும் சோடியம் குளோரைட்டு உருகிய நீருடன் புல்தரைக்கும் பூப்பாத்திக்கும் ஓடுகிறது. அது வேருக்குச் செல்லவேண்டிய நீரைத் தடுக்கிறது. மண்துகள்களைப் பிணைத்து வைத்திருக்கும் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் சோடியம் வெளியேற்றிவிட, மண் இறுகிக் காற்றோட்டம் இழக்கிறது. கடுங்குளிரில், ஏறத்தாழச் சுழியத்துக்குக் கீழே பத்துப் பாகையைத் தாண்டினால், அந்த உப்புச் சரியாக வேலையும் செய்வதில்லை. அப்போது வேலை செய்யாத உப்பின்மேல் இன்னும் உப்பைக் கொட்டுகிறோம். மணல் உருக்காது; ஆனால் காலுக்குப் பிடிப்புத் தரும், மண்ணைக் கெடுக்காது. முதியவர்கள் நடக்கும் படிக்கட்டுக்கு உப்பு வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அளவாக இட்டு, உருகிய கூழைப் பாத்திக்குள் தள்ளாமல் இருந்தால் போதும். உப்பு விழுந்த ஓரங்களை வசந்தத்தில், நிலம் இளகிய பிறகு, நிறைய நீர்விட்டுக் கழுவலாம்.

இனி, புயலுக்கு முன்னர் செய்யவேண்டியதைப் பார்ப்போம். 2013இல் எங்கள் தெருவில் எந்த மரம் முறிந்தது, எது தப்பியது என்று பின்னர் சுற்றிப் பார்த்தபோது, அது தலைவிதியாகத் தோன்றவில்லை. விரைவாக வளர்ந்து விரைவாக நிழல் தரும் வெள்ளி மேப்பிளும் மனிற்றோபா மேப்பிளும் சைபீரிய எல்மும் பெருமளவில் முறிந்தன. வெள்ளை ஓக், கரு வால்நட், கிங்கோ, ஹெம்லொக் போன்றவை பொதுவாகப் பனிக்கட்டியைத் தாங்குபவை என்று மரவியலார் வகுத்திருக்கிறார்கள். இனத்தைவிட முக்கியமானது கிளை பிரியும் கோணம். இரண்டு தண்டுகள் ஒடுங்கிய கவணாக நெருங்கி எழும்போது, நடுவே பட்டை அகப்பட்டுக்கொள்கிறது; அங்கே மரம் மரத்தோடு பிணைவதில்லை. முதற்சுமையில் பிளப்பது அந்த இடமே. அகன்று பிரியும் கிளை, சட்டை தைத்தாற்போல் தண்டோடு பின்னிப்பிணைந்து நிற்கும்.

ஆகவே காப்பு என்பது மரம் ஐந்து வயதாக இருக்கும்போதே செய்யவேண்டிய கவாத்து. போட்டியிடும் இரண்டு தலைத்தண்டுகளில் ஒன்றை விட்டு மற்றதைக் குறைப்பதற்கு அந்த வயதில் ஒரு கைவாளும் பத்து நிமிடமும் போதும். முப்பது வயதில் அதே வேலைக்குக் கயிறும் பாரந்தூக்கியும் ஆயிரக்கணக்கான டொலரும் தேவைப்படும். இலையுதிர்காலத்தில் சீடர் வேலிகளை மென்மையான கயிற்றால் சுற்றிக் கட்டினால், சுமையில் அவை நாற்புறமும் பிரிந்து விரியமாட்டா. நிலம் உறையும்வரை பசுமைமாறா மரங்களுக்கு நீர் விடவேண்டும். அடிமரத்தைத் தொடாமல் சுற்றிலும் ஐந்து முதல் பத்துச் சென்ரிமீற்றர் மூடாக்கு இடலாம். தெருவோரச் செடிகளுக்கு முன்னே சாக்குத்துணித் தடுப்பு நிறுத்தினால் வாகனங்கள் வாரியடிக்கும் உப்புநீர் படாது. இவை எவற்றிலும் வீரம் இல்லை. ஒக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமையில் செய்யக்கூடியவை. ஒக்டோபரில் யாருக்கும் பதற்றம் இல்லாததால்தான் செய்யாமல் விடுகிறோம்.

எம்மை இக்கட்டுரை எழுதவைத்தது இவை மட்டுமல்ல. 2014 ஜனவரி முதல் வாரத்தில் நடந்தது ஒன்று உண்டு. மேற்சொன்ன நண்பரின் வீட்டுக் கொல்லையில், அந்த வீட்டைவிட வயது முதிர்ந்த வெள்ளி மேப்பிள் ஒன்று நின்றது. புயலில் அதன் கிளைகளில் மூன்றிலொரு பங்கு போயிருந்தது. இயந்திர வாளுடன் வீடுவீடாக வந்த ஒருவர் அதை அண்ணாந்து பார்த்து, இது இனிப் பிழைக்காது, அடுத்த புயலில் கூரைமேல் விழும் என்றார். ரொறொன்ரோவில் நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட விட்டமுள்ள தனியார் மரத்தை வெட்ட நகராட்சியின் அனுமதி வேண்டும். ஆபத்தான மரத்துக்கு அது தேவையில்லை என்று அவரே தீர்ப்பும் சொன்னார். மரம் ஆபத்தானதா என்று அறிந்தவர் எவரையும் நாங்கள் கேட்கவில்லை. அன்று அங்கே கூடியிருந்த நாங்கள் ஐந்து பேரும் தலையாட்டினோம். இரண்டு மணித்தியாலத்தில் அறுபது ஆண்டுகள் முடிந்தன. அடிமரத்தில் ஒரு சொட்டுச் சிதைவும் இல்லை என்பதை வெட்டிய முகத்தைப் பார்த்த பின்னரே கண்டோம்.

அயல்வீட்டு முதியவரிடமும் அதே இன மரம் இருந்தது. எங்களுடையதைவிட அதிகமாகச் சிதைந்திருந்தது. அந்த வாள்காரர் அவரிடமும் போனார். தொங்கிக்கொண்டிருந்த ஒரு கிளையை மட்டும் இறக்கச் சொல்லிவிட்டு, "இலை வரட்டும், பார்க்கலாம்" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார். மே மாதத்தில் பயிற்சிபெற்ற மரப் பராமரிப்பாளர் ஒருவரை அழைத்து, முறிந்த முனைகளைச் சீராக அறுப்பித்தார். அந்த மரம் இன்றும் நிற்கிறது. ஜூலை வெயிலில் அதன் நிழல் எங்கள் நண்பருடைய வேலிவரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. அவருடைய மேல்மாடி அறைகள் இப்போது குளிர்சாதனம் இல்லாமல் இருக்க இயலாதவை. அவருடைய மகள் சிறுமியாக ஊஞ்சலாடியதும் வெட்டிய அந்த மரத்தில்தான். அதைப் பற்றி அவள் எங்களிடம் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை; கேட்டால் சொல்ல விடையும் இல்லை.

எங்களுக்கு அன்று தெரியாததை இப்போது தெரிந்துகொண்டிருக்கிறோம். மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை. மரம் காயத்தைச் சுவர்வைத்து மூடுகிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்து இதை நிறுவினார். கிளை தண்டோடு சேருமிடத்தில் உள்ள தடித்த கழுத்தை வெட்டாமல், அதற்குச் சற்று வெளியே அறுத்தால் அந்தச் சுவர் நன்றாக எழும். தண்டோடு ஒட்ட அறுத்தாலும், நீளமான மொட்டையாக விட்டாலும் அழுகல் உள்ளே இறங்கும். காயத்துக்குத் தார் பூசுவதால் நன்மை இல்லை. மரத்தின் தலையை மொட்டையடிப்பது எல்லாவற்றிலும் தீயது. அதிலிருந்து குத்துக்குத்தாகக் கிளம்பும் தளிர்கள் மேலோட்டமாகவே ஒட்டியிருப்பவை. அடுத்த உறைமழைக்கு அவையே முதற்பலி. உச்சியில் பாதிக்கு மேல் எஞ்சியிருந்து, அடிமரம் பிளவுபடாதிருந்தால், மரம் தேறுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு என்பதே பொதுவாகச் சொல்லப்படும் அளவுகோல். 1998இல் சிதைந்த மேப்பிள் தோப்புகள் பலவும் உடைமையாளர்கள் அஞ்சியதைவிட நன்றாகவே மீண்டன.

பிள்ளைகள் விளையாடும் இடம், கூரை, வாகனம் இவற்றை மரத்துக்காகப் பணயம் வைக்கச் சொல்கிறீர்களா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. மின்கம்பி அறுந்து கிடந்தாலோ, கிளை கம்பியில் சாய்ந்திருந்தாலோ, பத்து மீற்றருக்கு அப்பால் நின்று மின்வாரியத்தை அழைப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. தலைக்கு மேலே தொங்கும் கிளையை உரியவரைக்கொண்டு உடனே இறக்கத்தான் வேண்டும். நடுத்தண்டு பிளந்த மரத்துக்கு விடைகொடுக்கத்தான் வேண்டும். நாங்கள் எதிர்ப்பது அவசரத்தை அல்ல, அவசரமில்லாததை அவசரமாக்குவதை. ஆபத்தை அகற்ற ஒருநாள் போதும். மரத்தின் ஆயுளைத் தீர்மானிக்க ஒரு வசந்தமேனும் வேண்டும்.

ரொறொன்ரோவில் 2007இல் கண்டறியப்பட்ட பச்சை வண்டு, ஆஷ் மரங்களைத் துளைத்துத் துளைத்துக் கொன்று பல தெருக்களை ஏற்கெனவே வெறுமையாக்கிவிட்டது. வாகனத்துக்கு இடம் வேண்டி முன்முற்றத்தைக் கற்பாவும் வழக்கம் எமது சமூகத்திலும் உண்டு. இந்நிலையில், பிழைக்கக்கூடிய ஒரு மரத்தைப் பதற்றத்தில் வெட்டுவது ஒரு வீட்டின் சொந்த விவகாரமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. எமக்கு முன் இங்கே வாழ்ந்த யாரோ நட்ட மரங்களின் நிழலில்தான் நாம் வந்து குடியேறினோம்.

2014 வசந்தத்தில் அந்த அடிமரத்துக்குப் பக்கத்தில் நண்பர் ஒரு வெள்ளை ஓக் கன்றை நட்டார். அது மெதுவாக வளரும் மரம். இப்போதுதான் வேலியைத் தாண்டித் தலைநீட்டுகிறது. ஒவ்வொரு ஒக்டோபரிலும் நாங்கள் கூடும்போது அதன் கிளைக் கோணங்களைச் சுற்றிவந்து பார்க்கிறோம். கடந்த குளிர்காலத்தில் ஓரிரவு உறைமழை பெய்து, காலையில் அது முழுவதும் கண்ணாடியாக நின்றது. நண்பர் தும்புத்தடியைக் களஞ்சிய அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு எங்களைத் தொலைபேசியில் அழைத்தார். மாலைவரை ஒருவரும் அதைத் தொடவில்லை.